உங்கள் ஐஸ் பாளம் நிற்கவில்லை, தம்பி

கேள்வி நீளமாக இருந்தது, மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு படிக்கும் ஒரு தம்பி, பள்ளி அறிவியல் திட்டத்துக்காகத் தகரத்தை மடக்கி அச்சு செய்து, 3 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் தடிமனில் மூன்று ஐஸ் பாளங்கள் உறைய வைத்திருக்கிறார். தெரிந்தவர் மளிகைக் கடையில் மீன் போடும் பெட்டி ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி. உள்ளே செங்கல்களை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, அதன்மேல் பாளங்களைக் குறுக்கே கிடத்தி, நடுவில் ஒன்றுக்கு ஒரு கிலோ, இன்னொன்றுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று கிலோ என்று சீனிப் பாக்கெட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் பாளங்கள் முறையே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வளைந்திருந்தன. முதல் நாள் வேகமாக வளைந்தது, பிறகு குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றுவிட்டது என்கிறார். புத்தகத்தில் ஐஸ் வழியும் வேகம் பாரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது பாரம் இரட்டித்தால் வேகம் எட்டு மடங்கு என்று போட்டிருக்கிறது. எனக்கு இரட்டித்தால் இரண்டு மடங்குதானே வருகிறது, புத்தகம் தப்பா, என் ஐஸ் தப்பா?

இரண்டும் தப்பில்லை. கடிகாரத்தைப் பார்த்த விதம்தான் தப்பு. அந்த மூன்று உங்கள் நோட்டிலேயே இருக்கிறது, கீழே எடுத்துக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். அதே பட்டணத்துப் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான், அப்பா பால்மரம் வெட்டினார். கிள்ளான் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. மின் நிலையக் கொதிகலன் குழாய்களின் எஃகை சூடான உலையில் தொங்கவிட்டு, பாரம் கட்டி, எத்தனை ஆயிரம் மணி நேரத்தில் எவ்வளவு நீளுகிறது என்று அளப்போம். இதற்கு க்ரீப் என்று பெயர். தமிழில் ஊர்வு என்று சொல்லலாம், ஏனென்றால் உண்மையிலேயே நத்தை ஊர்வது மாதிரிதான் இருக்கும். ஐஸ் என் தொழில் இல்லை. ஆனால் ஊர்வு சோதனையைப் புரிந்துகொள்ள ஐஸை விட நல்ல வாத்தியார் கிடையாது என்று அங்கே ஒரு மூத்த பொறியாளர் சொல்லுவார். அவர் பேச்சைக் கேட்டு நானும் என் தங்கை வீட்டு ஃப்ரீசரில் ஒரு தடவை முயன்று, தீபாவளி ஆட்டிறைச்சிக்கு இடமில்லை என்று வீட்டில் திட்டு வாங்கியவன்.

முதலில் ஒரு மனத்தடையைத் தள்ளிவிடுவோம். ஐஸ் குளிர்ந்த பொருள் என்று நினைக்கிறோம். கையில் பட்டால் குளிர்தான். ஆனால் ஒரு திடப்பொருளுக்குத் தான் குளிர்ந்திருக்கிறோமா சூடாக இருக்கிறோமா என்பது நம் கையை வைத்துத் தெரியாது, தன் உருகுநிலையை வைத்துத்தான் தெரியும். கெல்வின் கணக்கில் உங்கள் ஃப்ரீசர் 255, ஐஸ் உருகுவது 273. வகுத்தால் 0.93. கொதிகலன் குழாய் 540 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது, அது 813 கெல்வின். இரும்பு உருகுவது சுமார் 1811 கெல்வின். வகுத்தால் 0.45. அந்த 0.45இலேயே எஃகு வருஷக்கணக்கில் மெல்ல நீளுகிறது, அதனால்தான் எங்களுக்கு வேலையும் சம்பளமும். உங்கள் சீனிப் பாக்கெட்டைத் தாங்கும் ஐஸ், இரும்பின் அளவில் பார்த்தால் 1400 டிகிரிக்கு மேல் சிவந்து வெளுத்துக் கொண்டிருக்கும் நிலைக்குச் சமம். அது வளைகிறது என்பதில் ஆச்சரியம் இல்லை, இவ்வளவு மெதுவாக வளைகிறதே என்பதுதான் ஆச்சரியம்.

டமார் என்று அடித்தால் ஐஸ் உடையும், உண்மைதான். மெதுவாக அமுக்கினால் வழியும். இரண்டும் ஒரே ஐஸ். அவசரப்படுத்தினால் வெடிப்பு முந்திக்கொள்ளும், நேரம் கொடுத்தால் உள்ளே படிகங்கள் நழுவி அழுத்தத்தைத் தணித்துவிடும்.

படிகம் எப்படி நழுவுகிறது? இதுதான் விஷயத்தின் உயிர்நாடி, இங்கே கொஞ்சம் நின்று போவோம். ஐஸ் படிகத்தில் மூலக்கூறுகள் அறுகோண அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கை வைத்து நேராக அமுக்கினால் கவுளி அசையாது. பக்கவாட்டில் தள்ளினால் இலை மேல் இலை வழுக்கிச் சாய்ந்துவிடும். 1891இல் மெக்கானல் என்பவர் சுவிட்சர்லாந்துக் குளிரில் ஒற்றைப் படிகத்திலிருந்து வெட்டிய ஐஸ் சட்டங்களை வளைத்துப் பார்த்து இதைத்தான் கண்டார்: அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ வசதியான திசையில் பாரம் வைத்தால் சட்டம் சாவகாசமாக வளைகிறது, வசதியில்லாத திசையில் வைத்தால் பிடிவாதமாக நிற்கிறது. பிற்காலத்து அளவீடுகள் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று காட்டின. ஒரே வேகத்தில் உருமாற வைக்க, வசதியில்லாத திசையில் பல பத்து மடங்கு அதிகத் தகைவு வேண்டும். (தகைவு, திரிபு என்று நான் எழுதுவதை நீங்கள் பள்ளியில் மலாயில் தெகாசான், தெரிக்கான் என்று படித்திருப்பீர்கள். அதேதான். தகைவு என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு பாரம், திரிபு என்றால் இருந்த அளவில் எத்தனை சதவீதம் மாறியது.)

இப்போது உங்கள் பாளத்துக்கு வருவோம். அது ஒரு படிகம் இல்லை, ஆயிரக்கணக்கான கவுளிகளைக் கண்டபடி ஒரு பெட்டியில் கொட்டி நெருக்கிய மாதிரி. பாரம் விழுந்ததும், நழுவ வசதியாகச் சாய்ந்திருக்கும் கவுளிகள் உடனே நழுவுகின்றன. அதனால்தான் முதல் நாள் வேகம். ஆனால் அவை நழுவி நழுவி, வசதியில்லாமல் நிமிர்ந்து நிற்கும் பக்கத்துக் கவுளிகள்மேல் போய் முட்டுகின்றன. பாரம் மெல்ல மெல்ல அந்தப் பிடிவாதக்காரர்கள் தலையில் ஏறுகிறது. வேகம் குறைகிறது. இது முதல் கட்டம். குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் ஆகக் குறைந்த வேகத்தை எட்டும், அது இரண்டாம் கட்டம். அதற்கப்புறம் வேகம் மறுபடி கூடும்! உள்ளே சிரமப்பட்ட படிகங்கள் கரைந்து, பாரத்துக்கு ஏற்ற சாய்வில் புதுப் படிகங்கள் முளைப்பதால், பெட்டியில் இருக்கும் கவுளிகள் எல்லாம் வசதியான பக்கமாகத் திரும்பிக்கொள்கின்றன. இது மூன்றாம் கட்டம்.

இதில் சோதனைக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயம் உண்டு, அதை மட்டும் நோட்டில் கோடு போட்டு எழுதிவையுங்கள். அந்த ஆகக் குறைந்த வேகம், பாரம் எதுவானாலும், குளிர் எதுவானாலும், திரிபு சுமார் 1 சதவீதத்தைத் தொடும்போதுதான் வருகிறது. மூன்றாம் கட்டம் ஒரு நிலைக்கு வந்து படிவது சுமார் 10 சதவீதத்தில். ஐஸுக்கு நேரம் தெரியாது, தான் எவ்வளவு நெளிந்தோம் என்பதுதான் தெரியும்.

உங்கள் பாளங்களின் அடிப்பக்கத் திரிபை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று கிலோ கட்டியது, ஐந்து நாளில், அரை சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒரு கிலோ கட்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக மூன்றுமே முதல் கட்டத்துக்குள்தான் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தன. நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதியது நிற்கவில்லை. ஸ்கேலை வைத்து அளப்பவருக்கு நின்ற மாதிரித் தெரியும் அளவுக்கு மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். புத்தகத்தில் இருக்கும் அந்த மூன்று, ஆகக் குறைந்த வேகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடுத்தது. நீங்கள் ஒப்பிட்டதோ வழியில் வெவ்வேறு மைல்கல்லில் நின்றிருந்த மூன்று பேரை.

சரி, இனி வித்தை. ஆண்ட்ரேட் என்ற இயற்பியலாளர் 1910இல் உலோகக் கம்பிகளை இழுத்துப் பார்த்து, முதல் கட்டத்தில் நீட்சி காலத்தின் கன மூலத்தைப் போல வளர்கிறது என்று எழுதினார். எட்டு மடங்கு நேரம் காத்திருந்தால் இரண்டு மடங்கு நீட்சி, இருபத்தேழு மடங்கு காத்திருந்தால் மூன்று மடங்கு. ஐஸுக்கும் இது ஏறக்குறையப் பொருந்துகிறது. இப்போது புத்தகம் சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். பாரத்தை இரட்டித்தால் எல்லாம் எட்டு மடங்கு வேகமாக நடக்கும், அதாவது அந்தப் பாளத்துக்கு மட்டும் கடிகாரம் எட்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. உங்கள் ஐந்து நாள் அதற்கு நாற்பது நாள். எட்டின் கன மூலம் என்ன? இரண்டு. மூன்று கிலோவுக்குக் கடிகாரம் இருபத்தேழு மடங்கு வேகம், அதன் கன மூலம் மூன்று. அரை, ஒன்று, ஒன்றரை! நீங்கள் நேர்கோடு என்று பார்த்து மனம் தளர்ந்த கணக்கு, அந்த மூன்றாம் அடுக்கேதான், வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஆகவே ஒரே நேரத்தில் எவ்வளவு வளைந்தது என்று பார்க்காதீர்கள். ஒரே வளைவை எட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய அட்டவணையிலேயே இருக்கிறது: அரை மில்லிமீட்டர் வளைய, மூன்று கிலோ பாளத்துக்கு ஏறக்குறைய 6 மணி நேரம். இரண்டு கிலோவுக்கு மறுநாள் காலை, 16 மணி நேரம் என்று குறித்திருக்கிறீர்கள். ஒரு கிலோவுக்கு முழு ஐந்து நாள், 120 மணி. பாரம் இரண்டு மடங்கானபோது நேரம் ஏழரை மடங்கு குறைந்தது, மூன்று மடங்கானபோது இருபது மடங்கு. லாக் எடுத்து வகுத்தால் அடுக்கு ஒரு கணக்கில் 2.9, இன்னொரு கணக்கில் 2.7. சீனிப் பாக்கெட்டும் பள்ளி ஸ்கேலும் வைத்து இது.

உடனே கொண்டாட வேண்டாம். பாரத்துக்கு ஒரே பாளம்தான், ஸ்கேல் அரை மில்லிமீட்டரைத் தெளிவாகக் காட்டாது, 6 மணி என்றது 5ஆகவும் இருக்கலாம் 8ஆகவும் இருக்கலாம். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இதில் இருக்கிறது. ஆனால் திட்ட அறிக்கையில் எழுத உங்களுக்கு இப்போது ஒரு நல்ல விஷயம் இருக்கிறது.

இந்தக் குழியில் விழுந்தது நீங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில், கேவண்டிஷ் ஆய்வகத்தில், ஜான் க்ளென் என்ற இளைஞர் ஐஸ் கட்டிகளை அமுக்கிப் பார்த்தார். 1952இல் ஒரு சிறு கட்டுரை, 1955இல் விரிவான கட்டுரை. அழுத்தம் 1 பார் முதல் 10 பார் வரை. ஒரு பார் என்றால் பெருவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு சீனிப் பாக்கெட் உட்காருவது போல. வெப்பநிலை மைனஸ் 13 முதல் உருகுநிலைக்குத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடம் வரை. கண்ட ஆகக் குறைந்த வேகங்களை வைத்துப் பார்த்தபோது அடுக்கு சுமார் 3.2 வந்தது. ஆனால் அவரே அதே கட்டுரையில், குறைந்த பாரச் சோதனைகள் போதிய நேரம் ஓடாததால் உண்மையான நிலைவேகத்தை எட்டாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லி, ஆண்ட்ரேட் விதியை வைத்து முதல் கட்டத்தைக் கழித்துப் பார்த்தால் அடுக்கு சுமார் 4 வருகிறது என்றும் எழுதினார். கவனித்தீர்களா? அந்த மூன்றாம் அடுக்கு விதியை எழுதிய மனிதரே கடிகாரம் பற்றிக் கவலைப்பட்டார். பின்னால் வந்தவர்கள் 3 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கவலையை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நேரம் ஏன் இவ்வளவு பெரிய தொல்லை என்று கணக்கே சொல்லும். 10 பாரில் 1 சதவீதத்தை ஒரு நாளில் எட்டும் ஐஸ், அதே குளிரில் 1 பாரில் அதை எட்ட ஆயிரம் நாள் எடுக்கும். கிட்டத்தட்ட மூன்று வருஷம். மாணவர் பட்டம் வாங்கிக் கல்யாணம் பண்ணிப் போய்விடுவார், ஐஸ் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், உண்மையான பனியாறுகளுக்குள் இருக்கும் தகைவு அந்த 1 பார் பக்கம்தான், பல இடங்களில் அதைவிடக் குறைவு. 200 மீட்டர் தடிமன், 3 டிகிரி சரிவு என்று ஒரு பனியாற்றை எடுத்துக்கொண்டால் அடியில் வரும் தகைவு ஒரு பாரை ஒட்டி வரும், நீங்களே அடர்த்தி 917 என்று போட்டுப் பாருங்கள். ஆக எந்த இடத்தில் நமக்கு விடை வேண்டுமோ அந்த இடத்தில் சோதனை செய்ய ஆயுசு போதாது. எந்த இடத்தில் சோதனை வசதியோ அங்கே பனியாறு இல்லை. எங்கள் எஃகுக்கும் இதே கதைதான். குழாய் ஒரு லட்சம் மணி நேரம் தாங்க வேண்டும் என்பார்கள், அது பதினோரு வருஷத்துக்கு மேல், யார் காத்திருப்பது? பாரத்தையும் சூட்டையும் கூட்டி வேகமாகச் சோதித்துவிட்டு, கோட்டை நீட்டி ஊகிப்போம். அப்படி நீட்டும்போது உள்ளே நடக்கும் விஷயமே மாறிவிட்டால் ஊகம் போச்சு. ஒரு தடவை ஏழாயிரம் மணி நேரம் ஓடிய ஒரு சோதனை, ராத்திரி மின்சாரம் தடைப்பட்டு ஜெனரேட்டரும் எழும்பாமல், உலை ஆறிப்போய் வீணானது. பத்து மாச உழைப்பு. அன்றைக்கு யாரும் கோப்பிகூடக் குடிக்கவில்லை.

ஐஸிலும் உள்ளே நடப்பது மாறுகிறது. 2001இல் கோல்ட்ஸ்பி, கோல்ஸ்டெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிக நுண்ணிய படிக மணிகளால் ஆன ஐஸைச் செய்து சோதித்தார்கள். மணி சிறியதானால் வழிதல் வேகமாகும், அதனால் குறைந்த தகைவிலும் காத்திருக்க முடியும் என்ற தந்திரம். அங்கே அடுக்கு 1.8 வந்தது, படிகங்கள் தங்கள் எல்லைகளில் ஒன்றையொன்று உரசி நழுவுவது அங்கே மேலோங்குகிறது என்றார்கள். தகைவு கூடினால் அடுக்கு 4. நடுவில் எங்கேயோ கடந்து போகும்போது 3 மாதிரித் தெரியும். இன்னொரு பக்கம் 2022இல், அண்டார்ட்டிகாவின் மிதக்கும் பனித்திட்டுகள் விரிந்து ஓடும் வேகத்தைச் செயற்கைக்கோளிலிருந்து அளந்து கணக்கிட்டவர்களுக்கு அடுக்கு ஏறக்குறைய 4 வந்தது. க்ளென் கழித்துப் பார்த்து எழுதிய அதே 4. 3க்கும் 4க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். பாரம் இரட்டித்தால் ஒன்றில் எட்டு மடங்கு, இன்னொன்றில் பதினாறு. கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மரத்தூள் கதை ஒன்று சொல்லாமல் போனால் மனசு கேட்காது. நம் பட்டணத்தில் முன்பு ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பெரிய பாளங்களை லோரியில் ஏற்றி வருவார்கள், கல்யாண வீடுகளுக்கு, தோட்டத்துத் திருவிழாக்களுக்கு. சாமில்லிலிருந்து எடுத்த மரத்தூளைப் போட்டுக் கோணிச்சாக்கில் சுற்றி வைத்தால் அடுத்த நாள்கூடப் பாதிப் பாளம் மிஞ்சும். நாங்கள் சின்னப் பையன்கள், சாக்கை விலக்கி ஒட்டியிருக்கும் தூளோடு சேர்த்து உடைத்துத் தின்போம். தூள் வெளியே இருந்தால் உருகாமல் காக்கும். அதையே உள்ளே கலந்து உறைய வைத்தால்? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் அதைச் செய்தார்கள். தண்ணீரில் சுமார் 14 சதவீதம் மரக்கூழ் கலந்து உறைய வைத்த பைக்ரீட், சுத்தியலுக்கும் துப்பாக்கிக்கும் அசையாத பொருள். அதை வைத்து விமானங்கள் இறங்கும் பிரம்மாண்டக் கப்பல் கட்டலாம் என்று ஒரு திட்டம், பெயர் ஹபாக்குக். லண்டனில் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு அடியில் இருந்த குளிர்க் கிடங்கில் ரகசியமாக இதைச் சோதித்தவர் மாக்ஸ் பெருட்ஸ். பின்னால் 1962இல் ஹீமோகுளோபின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கினாரே, அதே பெருட்ஸ். போருக்கு முன்பே, 1938இல், ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றுப் படிகங்களை ஆராயப் போனவர். அங்கே தெரியவந்தது என்னவென்றால், பைக்ரீட் உடையாது, ஆனால் வழியும்! மைனஸ் 16 டிகிரி போல் குளிர வைக்காவிட்டால் கப்பல் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். அவ்வளவு பெரிய கப்பல் முழுக்கக் குழாய் போட்டுக் குளிர வைக்க வேண்டும். இதுவும் வேறு பல காரணங்களும் சேர்ந்து திட்டம் கைவிடப்பட்டது. க்ளென் சோதனை செய்த காலத்தில் பெருட்ஸும் அதே கேவண்டிஷில்தான் இருந்தார். உங்களுக்கு இரண்டாவது திட்டம் வேண்டுமென்றால் ஒரு பாளத்தில் மரத்தூள் கலந்து பாருங்கள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு.

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைனஸ் 18 பக்கத்தில் ஒரு டிகிரி மாறினால் வழியும் வேகம் சுமார் 12 சதவீதம் மாறும். பெட்டி ஃப்ரீசரில் கம்ப்ரசர் நின்று ஓடி நின்று ஓடி இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கும், ஒவ்வொரு தடவை மூடியைத் திறந்து கெம்போங் மீன் எடுக்கும்போது இன்னும் ஏறும். மைனஸ் 10க்கு மேலே வந்துவிட்டால் இன்னும் மோசம், ஒரு டிகிரிக்கு 20 சதவீதம் போல் போய்விடும், ஏனென்றால் படிக எல்லைகளில் மெல்லிய நீர்ப்படலம் தோன்றத் தொடங்குகிறது. பாளங்களைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் உப்புத் தண்ணீர் போத்தல்களை அடுக்கி, பெட்டியை ஃப்ரீசருக்குள் வையுங்கள். ஏற்ற இறக்கம் உள்ளே வந்து சேர்வதற்குள் தணிந்துவிடும். பாளத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றாவிட்டால் ஐஸ் நேராக ஆவியாகி மெலியும், ஒரு மாதத்தில் கோணம் எல்லாம் மழுங்கிவிடும், தகைவுக் கணக்கு கெட்டுவிடும். சோதனைக்கூடங்களில் இதற்காகவே மாதிரியை எண்ணெயில் மூழ்க வைப்பதுண்டு.

உறைய வைத்த விதமும் சரியில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி உறைய வைத்தால் படிகங்கள் சுவரிலிருந்து உள்நோக்கி நீள நீளமாக வளரும், நடுவில் காற்றுக்குமிழி சேர்ந்து வெள்ளையாக நிற்கும். ஒரு பாளத்தில் கவுளிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்ததில் வேறு பக்கம், அப்புறம் பாரத்தால் வந்த வித்தியாசமா சாய்வால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? சரியான முறை இது: ஐஸை நொறுக்கி, சல்லடையில் சலித்து, ஒரு மில்லிமீட்டர் போல் உள்ள குருணையை மட்டும் அச்சில் நிரப்பி, கொதிக்க வைத்து ஆற்றி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த தண்ணீரை அடியிலிருந்து ஊற்றி, மேலே காற்று வெளியேறும்படி அடியிலிருந்து உறைய விடுவது. ஐஸ் கச்சாங் கடையில் சீவின ஐஸ் வாங்கிச் சலித்தாலும் போதும், சிரப் ஊற்றுவதற்கு முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வளைப்பதை விட அமுக்குவது மேல். வளையும் பாளத்தில் மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, நடுவில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தகைவு. அமுக்கினால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டரை சென்டிமீட்டர் விட்டம், ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் பிவிசி குழாயில் உறைய வைத்த உருளை நல்ல அளவு. அதன்மேல் 10 பார் வர வேண்டுமென்றால் 50 கிலோ வேண்டும். 50 கிலோவை யார் ஃப்ரீசருக்குள் ஏற்றுவது? இங்கேதான் நம் ஆட்கள் ஒட்டுப்பாலை எடை போட்ட டாச்சிங் தராசு உதவும். அந்தக் கோலில் குட்டிக் குண்டை முனைக்குத் தள்ளிப் பெரிய மூட்டையைச் சமன் செய்வோமே, அதே நெம்புகோல். நெம்புகோலின் இரண்டு கைகளின் நீளத்தை ஒன்றுக்குப் பத்து என்று வைத்தால் ஐந்து கிலோ சீனி 50 கிலோவாக அமுக்கும். எங்கள் சோதனைக்கூடத்து இயந்திரங்களும் அதே தத்துவம்தான், விலை மட்டும் லட்சக்கணக்கான ரிங்கிட். உயரத்தில் 1 சதவீதம் என்றால் அரை மில்லிமீட்டர், அதற்கு ஸ்கேல் உதவாது, மோட்டார் பட்டறையில் இருக்கும் டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்குங்கள். மைனஸ் 18இல் 10 பாருக்கு நாலைந்து நாளில் 1 சதவீதம் வந்துவிடும். 5 பாருக்கு ஒரு மாதம். அதற்குக் கீழே போகாதீர்கள், எஸ்டிபிஎம் தேர்வு வந்துவிடும்.

ஒரு கிலோ, இரண்டு கிலோ பாளங்களை எடுத்துவிட்டதாகவும், மூன்று கிலோ மட்டும் இன்னும் கடை ஃப்ரீசரில் கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை எடுக்காதீர்கள். இப்போது இருக்கும் வேகத்தில் அது 1 சதவீதத்தைத் தொட இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். தினம் ஒரே நேரத்தில், மூடியைத் திறந்து அதிக நேரம் வைக்காமல், அளந்து எழுதுங்கள். குறைந்துகொண்டே வந்த வேகம் ஒரு நாள் குறைவதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் மெல்லக் கூடத் தொடங்கினால், பாக்கெட்டில் ஓட்டை விழுந்து எடை மாறிவிட்டதோ, யாராவது ஃப்ரீசரை அணைத்துவிட்டார்களோ என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், உள்ளே புதுப் படிகங்கள் முளைக்கின்றன. அந்த அட்டவணையை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள். அடியில் விரிசல் விட்டு நடுவிலேயே முறிந்தாலும் முறியலாம், ஆகவே கீழே ஒரு தட்டு வையுங்கள், சீனி எல்லாம் மீன் மேல் கொட்டிவிடப் போகிறது.